அசையாத கையின் எலும்பு

எலும்பின் நலிவைப் பற்றிப் பேச நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் புழங்குகிறது: தேய்மானம். முழங்கால் வலித்தால் தேய்மானம், கழுத்து வலித்தால் தேய்மானம், தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால் அதுவும் தேய்மானம். செருப்பு தேய்வதைப் போல, துடைப்பம் தேய்வதைப் போல, எலும்பும் உபயோகித்து உபயோகித்துக் குறைந்துபோகிறது என்பது இந்தச் சொல்லுக்குள் இருக்கும் எண்ணம். "உழைச்சு உழைச்சு எலும்பெல்லாம் தேஞ்சுபோச்சு" என்று சொல்லும் பெண்களின் குரலில் வலியோடு கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தப் பெருமையை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்களின் உழைப்பை வேறு எவரும் கணக்கில் எழுதாதபோது எலும்பாவது எழுதி வைத்திருக்கிறதே என்ற ஆறுதல் அது.

ஆனால் எலும்பு அடர்த்தி என்ற விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. எலும்பு செருப்பைப் போன்ற பொருள் அல்ல. அது உயிருள்ள திசு. தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டும் மறுபடி கட்டிக்கொண்டும் இருப்பது. எங்கே கட்ட வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்பதை அது தன் மேல் விழும் சுமையையும் இழுப்பையும் பார்த்துத் தீர்மானிக்கிறது. பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த யூலியுஸ் வோல்ஃப் 1892இல் இதைப் புத்தகமாக எழுதினார். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் அழுத்தத்தை உணர்ந்து தகவல் சொல்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. எடையே இல்லாத விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதத்துக்கு மேல் குறைவதும் இதனால்தான். உபயோகிப்பதால் தேய்வதற்கு மாறாக, உபயோகிக்காததால் கரைகிறது. நம் சொல்லும் எலும்பின் நடைமுறையும் நேர் எதிர்த்திசையில் நிற்கின்றன.

இந்த எதிர்த்திசை ஒரு நோயில் வெகு துல்லியமாகத் தெரியும். ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். உறைந்த தோள். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை வீங்கி, தடித்து, சுருங்கிப்போகிறது. முதலில் வலி, அதுவும் இரவில். பிறகு இறுக்கம். கை பக்கவாட்டில் திரும்பாது, மேலே போகாது, முதுகுக்குப் பின்னால் போகவே போகாது. அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் எழாது. பிறகு மெல்ல மெல்ல இளகுகிறது. மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. தோள் ஏன் உறைகிறது என்பதற்கு மருத்துவம் இன்னும் முழுமையான விடையைச் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். வருகிற வயதில் வருகிறது, வந்த வழியே போகிறது என்ற ஏற்பு அந்தப் பெயரில் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த வயது மாதவிடாய் நிற்கும் வயதும்கூட. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, அதையொட்டிய சில ஆண்டுகளில் பெண்ணின் எலும்பு வேகமாகக் குறைகிறது. உடல் முழுவதும் எலும்பு இறங்கிக்கொண்டிருக்கும் அதே காலத்தில் ஒரு கை மட்டும் கட்டிப்போட்டதுபோல அசையாமல் கிடந்தால், அந்தக் கையின் எலும்புக்கு இரண்டு பக்கமும் இடி.

எனக்கு இடது தோள் உறைந்தபோது வயது 48. முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல" என்றார். உறையின் தடிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் இல்லாதது உடலிலும் இல்லை என்று ஆகிவிட்டது. நான்கு மாதம் கழித்து, வேறோர் இடத்தில், பிசியோதெரபிஸ்ட் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலிக்குதுன்னு அசைக்காமலே விட்டுட்டீங்க. இப்படியே வச்சிருந்தா எலும்பு கரைஞ்சிடும்மா." முதலில் எலும்பு நன்றாக இருந்ததால் என் வலி பொய். பிறகு எலும்பு கரையப்போவதால் என் வலி என் குற்றம். இரண்டு தடவையும் சாட்சிக் கூண்டில் எலும்புதான் நின்றது. நான் சொன்னது எங்கும் பதிவாகவில்லை.

அந்தப் பிசியோதெரபிஸ்டின் வாக்கியத்தில் உண்மை இருக்கிறது என்பதால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன். உறைந்த தோளில் எலும்பு அடர்த்தி குறைகிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். 1960களிலேயே ஸ்கேண்டிநேவிய நாடுகளில் இதைக் கவனித்திருக்கிறார்கள். நோயுள்ள பக்கத்து மேற்கை எலும்பை நோயில்லாத பக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. என் கேள்வி எல்லாம் ஒரு சின்ன வினைச்சொல்லைப் பற்றியது. "விட்டுட்டீங்க." யார் விட்டது? 'அசைக்காமல் விடுவது' என்ற செயலை ஒரு பெண் எப்போது, எந்தச் சுதந்திரத்தோடு செய்கிறாள்? உன் உடலுக்கு நீயே பொறுப்பு என்று சொல்லும்போது, அந்த உடல் இதுவரை எப்படி அசைந்தது என்பதை முடிவு செய்தவர்கள் எல்லோரும் அறையைவிட்டு நழுவிவிடுகிறார்கள்.

என் கை அந்த நான்கு மாதமும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். காய் நறுக்கியது, மாவு பிசைந்தது, பாத்திரம் தேய்த்தது, விடைத்தாள் திருத்தும்போது கட்டைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் யோசித்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சமையலறையின் அத்தனை வேலையும் ஒரு குறுகிய பெட்டிக்குள் நடக்கிறது. மார்புக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, வயிற்றுக்கு முன்னால், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு. அடுப்பு மேடையின் உயரம், சிங்க்கின் உயரம், இஸ்திரி மேசையின் உயரம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மணிக்கட்டும் விரல்களும் ஓயாமல் ஓடும். தோள் அநேகமாக அசையாது. ஒரு பெண் காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை கை ஓயாமல் வேலை செய்துவிட்டு, அன்று ஒருமுறைகூடத் தன் கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டாமல் படுக்கப் போக முடியும். "நாள் முழுக்க வேலை செய்றேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்" என்று அவள் கேட்பதும் உண்மை. தோளெலும்பின் மேல் இழுப்பே விழவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்துப் பிடிக்காத அறிவுரை அவளை அவமானப்படுத்துகிறது.

தலைக்கு மேல் என்ன இருக்கிறது? பரண் இருக்கிறது. அதற்கு ஆண்பிள்ளையைக் கூப்பிடுவோம். கொடியில் துணி உலர்த்துவது இருக்கிறது. அடுக்குமாடி வீட்டு பால்கனியில் அது இப்போது இடுப்புயர ஸ்டாண்டாகிவிட்டது. பேருந்தில் மேல்கம்பி இருக்கிறது. கூட்டத்தில் அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் ரவிக்கை ஏறும், சேலை விலகும், பக்கத்தில் நிற்பவனின் கண் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குறுகி நிற்போம். தோள் உறைவதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நாம் அதன் எல்லைகளைச் சுருக்கிக்கொண்டு வாழப் பழகியிருக்கிறோம்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் அய்ரிஸ் மேரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது. பெண்பிள்ளை பந்தெறியும் விதத்தைத் தலைப்பாக வைத்த கட்டுரை அது. பையன்கள் உடல் முழுவதையும் திருப்பி, கையை பின்னுக்கு இழுத்து, இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு எறிகிறார்கள். பெண்பிள்ளைகள் முழங்கைக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் அசைத்து எறிகிறார்கள். இந்த வேறுபாட்டை எர்வின் ஸ்ட்ராஸ் என்ற சிந்தனையாளர் பெண்மையின் இயல்பு என்று விளக்கியிருந்தார். யங் அதை மறுக்கிறார். எலும்பிலோ தசையிலோ இயற்கை வைத்த குறை அல்ல அது. பார்க்கப்படும் பொருளாகத் தன் உடலை உணர்ந்துகொண்டே அதை இயக்க வேண்டிய நிலையில் வளர்வதன் விளைவு. பெண்ணுடல் ஒரு செயலை நோக்கிப் போகும்போதே பாதியில் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. 'என்னால் முடியும்' என்ற நீட்டலும் 'என்னால் முடியாது' என்ற சுருக்கமும் ஒரே அசைவுக்குள் இருக்கின்றன. யங் எலும்பு அடர்த்தியைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்தச் சுருக்கம் எலும்புவரை இறங்குகிறது என்பதற்கான ஒரு சான்று, பதினைந்து ஆண்டுகள் கழித்து, தத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது.

1995இல் பின்லாந்தின் ஆய்வாளர்கள் அந்நாட்டின் டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளின் இரு கைகளின் எலும்பையும் அளந்தார்கள். ராக்கெட் பிடிக்கும் கையில் எலும்பு அதிகம் இருந்தது. இதில் வியப்பில்லை. அவர்கள் கண்ட முக்கியமான விஷயம் வேறு. பூப்படைவதற்கு முன்போ அதையொட்டியோ ஆடத் தொடங்கியவர்களுக்கு இரு கைகளுக்கும் இடையிலான வித்தியாசம், பல ஆண்டு கழித்துத் தொடங்கியவர்களைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. அந்த வயதின் எலும்பு சுமைக்கு அப்படித் திறந்து கொடுக்கிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் ஒருவர் பெரியவராகும்போது இருக்கப்போகும் எலும்புக் கனிமத்தில் ஏறக்குறைய கால்பங்கு சேர்ந்துவிடுகிறது என்று பின்னர் கனடாவில் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தவர்கள் கண்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயது.

நம் ஊரில் அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. தாவணி போய்ச் சுடிதார் வந்துவிட்டது, சடங்கு மண்டபத்துக்கு மாறிவிட்டது, ஃப்ளெக்ஸ் போர்டு வைக்கிறார்கள். ஆனாலும் "இனிமே தெருவுல குதிச்சு விளையாடக் கூடாது" என்ற வாக்கியம் இன்னும் பல வீடுகளில் மஞ்சள் தண்ணீரோடு சேர்த்தே ஊற்றப்படுகிறது. பாண்டி, கோகோ, எறிபந்து, புளியமரத்தில் கல் விடுவது, எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுபோன பெண்கள் என் வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டிருப்பார். எலும்பு தன் சேமிப்புக் கணக்கை அகலத் திறந்து வைத்திருக்கும் இரண்டு வருடம் பார்த்து அவளை உட்கார வைக்கிறோம். பிறகு, ஐம்பது வயதில், அந்தக் கணக்கில் இருப்பு போதவில்லை என்று அவளையே கேட்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வாட்சப்பில் தினமும் வருவதுதான். அந்தக் காலத்துப் பாட்டிகள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் குத்தினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், அதனால் எலும்பு இரும்பாக இருந்தது. மிக்சி வந்தது, பெண்கள் கெட்டார்கள். உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது தோளுக்கு வேலை இருந்தது என்பது சரிதான். ஆனால் இந்தக் கதை உலக்கையின் மறுமுனையில் இருந்த வயிற்றைச் சொல்வதில்லை. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் வீணா சத்ருக்னா, பெண்ணிய ஆய்வுக் குழுக்களிலும் நெடுங்காலம் இயங்கியவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்தது. முப்பது முதல் அறுபது வயதுக்குள் இருந்த பெண்கள். உடம்பை வருத்தி உழைக்கும் வர்க்கம். அவர்களின் எலும்பு அடர்த்தி, வசதியான நாடுகளின் பெண்களைப் பற்றி வெளியான அளவுகளைவிட மிகக் குறைவாக இருந்தது. உணவில் கால்சியம் தேவையான அளவுக்கு வெகு கீழே. சுமை மட்டும் எலும்பைக் கட்டுவதில்லை. கட்டுவதற்குச் சுண்ணாம்பு வேண்டும், புரதம் வேண்டும், ஓய்வு வேண்டும். கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு மோரில் மோர் இருப்பதில்லை. நீர் இருக்கும்.

ஆக, விளையாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட உடல் ஒருபுறம், சாப்பாடில்லாமல் சுமந்த உடல் இன்னொருபுறம். இருவருக்கும் சொல்லப்படுவது ஒரே வாக்கியம்: உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை. பொறுப்பு என்பது ஒரு செயலைச் செய்யவும் செய்யாமல் இருக்கவும் முடிந்தவர்மேல் மட்டுமே வைக்கக்கூடியது என்பது ஒழுக்கவியலின் பாலபாடம். பெண்ணுடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் பாடம் மறந்துபோகிறது. முடிவுகள் பிறருடையவை, விளைவுகள் அவளுடையவை.

நான் பிசியோதெரபிஸ்டிடம், அப்படியானால் என் தோளெலும்பை அளந்து பார்த்துவிடலாமே என்று கேட்டேன். டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதித் தந்தார்கள். அந்த இயந்திரம் முதுகெலும்பை அளந்தது, இடுப்பை அளந்தது. தோளை அளக்கவில்லை. வழக்கமான பரிசோதனையில் தோள் கிடையாது. முன்கையை எடுப்பதும் சில சமயம்தான். ஆக, எந்த எலும்பின் பேரால் நான் குற்றம் சாட்டப்பட்டேனோ அதை எவரும் பார்க்கவே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது, என் இடது தோளில் எவ்வளவு குறைந்தது என்று.

வந்த தாளில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பெண்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து கிடக்கிறார்கள். உங்கள் எலும்பை ஓர் இளம்பெண்ணின் சராசரி எலும்போடு ஒப்பிட்டு, எத்தனை படி கீழே இருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு, மைனஸ் 2.5க்கு வந்துவிட்டால் எலும்புப்புரை என்று வரையறுத்தது. அந்த இளம்பெண் யார்? இடுப்பெலும்பைப் பொறுத்தவரை, சர்வதேச அளவுகோலாக நிற்பவள் அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வில் அளக்கப்பட்ட இருபதுகளில் இருந்த வெள்ளைப் பெண். நல்ல பால் குடித்து வளர்ந்தவளாக இருக்கலாம். பள்ளியில் பந்து எறிந்தவளாகவும் இருக்கலாம். அவளை அளவுகோலாக வைப்பதில் மருத்துவத்துக்குக் காரணங்கள் உண்டு. எல்லா நாட்டிலும் ஒரே அளவில் பேச வேண்டும், இல்லையென்றால் நம் ஊர் எலும்பின் குறைவு நமக்கு 'இயல்பு' ஆகிவிடும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். என் சிறிய உருவத்தையும் என் அம்மாவின் சிறிய உருவத்தையும் அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். எண்ணின் கீழே எங்கள் ஊரும் எங்கள் சமையலறையும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பெயர், வயது, எடை மட்டும்தான் இருந்தது.

எலும்பு கரைந்துவிடும் என்ற பயத்தோடு நான் சில வாரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்து இழுத்துத் தூக்கினேன். சுவரில் விரல்களால் ஏறுவது, கப்பியில் கயிறு போட்டு இழுப்பது. வலிக்க வலிக்கத்தான் சரியாகும் என்றார்கள். பெண்களுக்கு இந்த வாக்கியம் புதிதில்லை. பிரசவ வார்டிலிருந்து மாமியார் வீடுவரை கேட்டதுதான். 2004இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகு நிறுத்தினேன். உறைந்த தோள் உள்ள 77 பேரை இரண்டு விதமாக நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு வலியின் எல்லையைத் தாண்டிய தீவிரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வலிக்காத எல்லைக்குள் மென்மையான அசைவும், முடிந்த அன்றாட வேலைகளும், நோயைப் பற்றிய விளக்கமும் மட்டும். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டாவது பிரிவினர்தான் மேலாக இருந்தார்கள்: அவர்களில் 89 சதவீதம் பேர் நல்ல நிலையை எட்டியிருந்தார்கள், தீவிரப் பயிற்சிப் பிரிவில் 63 சதவீதம். மென்மையான இந்த முறைக்கு அந்த மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'கண்காணித்தபடி விட்டுவிடுதல்'. பிசியோதெரபிஸ்ட் சொன்ன அதே 'விடுதல்'. கண்காணிக்க ஒருவர் கூட இருந்தால் அது சிகிச்சை. ஒரு பெண் தனியாகச் செய்தால் அது அலட்சியம்.

சரி, அப்படி மெதுவாகப் போனால் எலும்பு என்ன ஆகும்? இதற்கும் பின்லாந்திலிருந்தே பதில் வந்திருக்கிறது. 1998இல் அங்கே உறைந்த தோளின் எலும்பு அடர்த்தியை இரண்டு தரப்பில் அளந்தார்கள்: நோய் நடப்பில் உள்ளவர்கள், நோய் தீர்ந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். முதல் தரப்பில் நோயுள்ள கையின் எலும்பு குறைந்திருந்தது. இரண்டாம் தரப்பில் இரு கைகளுக்கும் இடையிலான வித்தியாசம் அநேகமாக மறைந்திருந்தது. தோள் இளகி, கை மறுபடி தன் வேலைகளுக்குத் திரும்பியபோது எலும்பும் திரும்பியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பின் போவதையோ பட்டினியில் போவதையோ இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அவை இப்படிச் சுலபமாகத் திரும்புவதில்லை. ஆனால் அசையாமையால் போனது அசைவால் பெருமளவு வருகிறது. பயமுறுத்தலில் சொல்லாமல் விட்ட பாதி இது. எலும்பு கரையும் என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூட, அது திரும்பி வரும் என்று சொல்லவில்லை. குற்றம் சாட்டுவதற்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது போலும்.

எல்லோருக்கும் முழுதாக இளகிவிடுவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1992இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், சராசரியாக ஏழு ஆண்டு கழித்தும் பாதிப்பேருக்குக் கொஞ்சம் வலியோ கொஞ்சம் இறுக்கமோ மிச்சம் இருந்தது. எனக்கும் மிச்சம் இருக்கிறது. ரவிக்கைக்கு முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்கிறேன். பின்னல் போய்க் கிராப் வந்துவிட்டது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஆகவே இந்த நோய்க்குத் தேவைப்படுவது என்ன என்று பார்த்தால் மருந்தைவிடவும் இயந்திரத்தைவிடவும் ஒன்று முந்திக்கொண்டு நிற்கிறது: காலம். ஒரு வருடம், இரண்டு வருடம், சில சமயம் மூன்று. வலிக்கும்போது நிறுத்தவும், வலிக்காதபோது நீட்டவும், அதைத் தானே தீர்மானிக்கவும் உரிமை உள்ள காலம். காய்ச்சலுக்கு மூன்று நாள், அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் என்று பெண்ணின் நோய்க்கு வீடு ஒதுக்கி வைத்திருக்கும் விடுப்பில் இதற்கு இடமில்லை. வெளியே கட்டுப் போட்டிருக்கவில்லை, சிராய்ப்புகூட இல்லை. இரண்டாம் மாதமே "இன்னுமா சரியாகல?" வந்துவிடும். சட்டத்தின் நிலையும் இதுதான். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்காலச் சம்பளம் ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம். நீண்ட நோய்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் இந்தச் சட்டத்தின் வாசலுக்கே வருவதில்லை.

எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்குப் போன வருடம் வலது தோள் உறைந்தது. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. நான் படித்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன்: வலியை மீறி இழுக்காதீங்க, இதுவா இளகிடும், ரெண்டு வருசம் ஆகலாம். அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு வருசமா டீச்சர்? ரெண்டு நாள் வரலன்னாலே மூணாவது மாடில வேற ஆள் பாத்துருவாங்க." கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், ஃபேன் துடைக்கிறதையும் அலமாரி மேல்தட்டையும் மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒரு சீட்டு கிடைக்குமா என்று. மற்ற வேலை எல்லாம் கையை ஒட்டி வைத்துக்கொண்டே செய்துவிடுவாராம். அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கினோம். 'தோளுக்கு மேல் கையை உயர்த்தும் வேலையைச் சில மாதங்களுக்குத் தவிர்க்கவும்.' மூன்று வீடுகளில் சரி என்றார்கள். மூன்றாவது மாடியில் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மாதச் சம்பளத்தில் முந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்கள்.